பக்கி வண்டியின் நம்பரை எழுதி வைத்தீர்களா? டர்பன் பக்கம் சுற்றுச்சூழல் குற்றத்தைக் கவனிக்க ஒரு குழுவைப் பழக்கும் முழு வழி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் ஓடையில் ஒரு சனிக்கிழமை காலை மூன்று நீல டிரம்கள் கிடந்தன. பக்கத்தில் உடைந்த ஓடும் கல்நார் ஷீட்டும் ஒரு குவியல். நான் நாற்பது படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் கொட்டினேன், கோபமாக நாலு வரி எழுதினேன், எல்லோரும் சிவந்த முகப் பொம்மை போட்டார்கள், எனக்கும் மனம் ஆறிவிட்டது. திங்கட்கிழமை ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டபோது எடுத்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். எப்போது கொட்டினார்கள், கண்ணால் பார்த்தது யார், வண்டி நம்பர் என்ன, டிரம்மின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா, சரியாக எந்த இடம். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி பெய்த மழையில் டிரம்கள் உருண்டு ஓடையோடு போய்விட்டன.

அந்த அம்மா கேட்ட ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்த பத்துப் பேரை எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்த வழிகாட்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் என்று கோயில் மண்டபமும் தமிழ் வகுப்பும் இருக்கும் இடத்தில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். விழிப்புணர்வுப் பேரணி எப்படி நடத்துவது என்று தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் பழக்கம் இல்லாத கூட்டத்துக்கு விழிப்புணர்வு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் நாற்பது படங்களைப் பார்த்தாலே தெரியும்.

முதலில்: எது குற்றம், யார் வேலை

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. அதன் மேல் கட்டியதுதான் 1998ஆம் ஆண்டின் 107ஆம் சட்டம், தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், எல்லோரும் நீமா என்று சுருக்கிச் சொல்வது. அதற்குக் கீழே 1998இன் நீர்ச் சட்டம், 2004இன் பல்லுயிர்ச் சட்டமும் காற்றுத்தரச் சட்டமும், 2008இன் கழிவுச் சட்டம். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஊரில் பலர் இதெல்லாம் அபராதச் சீட்டோடு முடிகிற சமாசாரம் என்று நினைக்கிறார்கள், அது மட்டும் தப்பு. பெரிய குற்றங்களுக்கு 1 கோடி ராண்டு வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும் உண்டு.

இந்தச் சட்டங்களை அமல்படுத்துகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் மேலாண்மை ஆய்வாளர்கள் என்று பெயர். ஊர் வழக்கில் கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ், பச்சைத் தேள்கள். ஒன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை இருக்கிறார்கள், காட்டில் ரோந்து போகும் காவலர்கள் ஐந்தாம் தரம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தால்தான் அட்டை கிடைக்கும். அதற்கப்புறம் உள்ளே நுழைந்து சோதிக்கலாம், வண்டியை நிறுத்தலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம், சட்டப்படி சரிசெய்யச் சொல்லும் இணக்க அறிவிப்பு கொடுக்கலாம். அவர்கள் ஒரே அலுவலகத்தில் இல்லை என்பதில்தான் சிக்கல். தேசியத் துறையிலும் மாகாணத் துறையிலும் எசெம்வெலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பிலும் நகராட்சியிலும் சிதறிக் கிடக்கிறார்கள்.

அதனால் முதல் சனிக்கிழமை வேலை ஒரு பெரிய சார்ட் பேப்பர். இடப்பக்கம் நம் ஊரில் நடக்கும் குற்றம், வலப்பக்கம் யாரிடம் போவது. ஆற்றில் கழிவு என்றால் நீர்த்துறையும் நகராட்சியும். புகைபோக்கி நாற்றம் என்றால் நகராட்சியின் காற்றுப் பிரிவு, ஏனென்றால் காற்று உரிமம் கொடுப்பது மாநகராட்சிதான். காட்டு மூலிகை, பறவை, ஆமை, சைக்கட் (பனை மாதிரி நிற்கும் செடி) என்றால் எசெம்வெலோ. மீன் என்றால் தேசியத் துறையின் மீன்வளப் பிரிவு. எது என்று புரியவில்லையா, தேசியத் துறையின் இலவச எண் 0800 205 005, சுற்றுச்சூழல் குற்றத்துக்கென்றே இருப்பது. துப்பாக்கி, தீ, உயிராபத்து என்று வந்துவிட்டால் 10111, வேறு யோசனை வேண்டாம். இந்த சார்ட்டைப் படம் எடுத்து எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள். ஒரு புகார் நாலு மேசை சுற்றிச் செத்துப் போவது பெரும்பாலும் முதல் மேசை தப்பாக இருப்பதால்தான்.

ஆட்களைத் தேர்வது

பத்துப் பேர் போதும், பன்னிரண்டு தாண்ட வேண்டாம். மேடையில் நன்றாகப் பேசுகிறவர்களையே பிடிக்காதீர்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் பழம் விற்கும் அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ், பள்ளிக் கேட் காவலர், காலை நாலரை மணிக்கே தூண்டில் எடுத்துக்கொண்டு கடற்பாலத்துக்குப் போகும் தாத்தா, இவர்கள்தான் கண். பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுச் சோதனைக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், புகார் வேலையில் வேண்டாம். ஜூலு நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். நம் எல்லைக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதியில் இருப்பவர்கள்தான் அந்த ஓடைத் தண்ணீரில் கால் வைக்கிறவர்கள், அவர்கள் இல்லாமல் நடத்தும் குழு அரைக் குழு.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. சில்வர்கிளென் பக்கத்துப் புல்புல் டிரைவ் நச்சுக் குப்பைக் கிடங்கை எதிர்த்தபோது தெற்கு டர்பனின் சுற்றுச்சூழல் போராளி டெஸ்மண்ட் டிசா முதலில் செய்த வேலைகளில் ஒன்று ஒரு நாற்றப் பட்டியல். எந்த மாதிரி நாற்றம் என்றால் எந்த ரசாயனமாக இருக்கும் என்று சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். ‘நாறுது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஜனம் எப்போது, எவ்வளவு நேரம், எந்த மாதிரி என்று சொல்லக் கற்றுக்கொண்டது. கிடங்கை நீட்டிக்கும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது, 2011இல் கிடங்கே மூடப்பட்டது, 2014இல் அவருக்குச் சுற்றுச்சூழல் போராளிகளுக்கான கோல்ட்மன் விருது கிடைத்தது. அதற்கு முன்பே தெற்கு டர்பனில் பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பிய ஜனங்கள் உண்டு. மெர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்று வந்ததும் இதே பேட்டையில்தான். படித்தவர்கள் வந்து காப்பாற்றட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

போனும் நோட்டும் (இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்)

எங்களுக்கு அதிகம் பிடித்ததும் அதிகம் அவமானப்பட்டதும் இந்தப் பாடத்தில்தான். கோயில் கார் நிறுத்தத்தில் ஒரு நாடகம் வைத்தோம். ஒரு மாமா பக்கியில், அதாவது பின்பக்கம் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டியில், வருவார், ஆறு சாக்கை இறக்குவார், ஒன்றரை நிமிடத்தில் போய்விடுவார். பார்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேருக்கும் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தனித்தனியாக உட்கார்ந்து எழுதச் சொன்னோம். பக்கி வெள்ளை என்றார்கள் சிலர், வெள்ளி நிறம் என்றார்கள் சிலர். சாக்கு நாலு, ஆறு, எட்டு. மாமாவோடு இன்னொருவர் இருந்ததாக மூன்று பேர் சத்தியம் செய்தார்கள், யாருமே இல்லை. நம்பர் பிளேட்டை முழுசாக எழுதியது ஒரே ஒருவர், பதினாலு வயதுப் பெண். அந்த மாமாவைப் பத்து வருஷமாகத் தெரிந்தவர்கள் எழுதியது இது! இந்த நாடகத்தை நடத்தாமல் எந்தப் பயிற்சியையும் ஆரம்பிக்காதீர்கள். நம் ஞாபகத்தை நாமே நம்பக்கூடாது என்று புரிந்தால்தான் நோட்டை எடுக்கக் கை போகும்.

இனி பழக வேண்டிய வரிசை. முதலில் நேரம், போனைப் பார்த்து நிமிடம் வரை. அடுத்து இடம்: தெருப் பெயர், விளக்குக் கம்பத்து எண், வரைபடத்தில் குத்திய புள்ளி. அடுத்து வண்டி. டர்பன் என்றால் என்டி, பைன்டவுன் என்றால் என்பிஎன் என்று தொடங்கும் பழைய பிளேட்டு நமக்குக் கண்பழக்கம். புதுசாக வரும் செட்என் என்று முடிகிற பிளேட்டுக்கு இன்னும் பழகவில்லை, அதனால் எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். கதவில் கம்பெனிப் பெயர், பின்பக்கம் நசுங்கல், ஸ்டிக்கர், இதெல்லாம் பிளேட்டு போலியாக இருந்தாலும் உதவும். அப்புறம்தான் ஆள், உடை, பேச்சு. ‘பார்த்தேன்’ என்பதையும் ‘சொன்னார்கள்’ என்பதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

படம் எடுப்பது மூன்று அடுக்கு. தூரத்திலிருந்து ஒன்று, பின்னால் இருக்கும் கட்டடமோ மலையோ தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது எந்த ஓடையாகவும் இருக்கலாம். நடுத்தூரத்தில் ஒன்று. கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுகோலோ ஐந்து ராண்டு நாணயமோ வைத்து. கிட்டப் போவது ஆபத்தில்லை என்றால் மட்டும்தான் இது. படத்தை வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள், அம்பு வரையாதீர்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்குகிறது, உள்ளே பதிந்திருக்கும் நேரம், இடம் எல்லாம் கழன்றுவிடுகிறது. அசல் போனிலேயே இருக்கட்டும், அனுப்ப வேண்டுமானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் அல்லது ஈமெயில் போடுங்கள். என்னுடைய நாற்பதில் முப்பத்தெட்டை இடம் பற்றாமல் அன்றே அழித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொருள் கைமாறினால் கணக்கு வேண்டும். யாரோ ஒரு ரசீதைக் குப்பையிலிருந்து எடுத்துவந்தால், எடுத்தது யார், எத்தனை மணிக்கு, எந்தக் கவரில் போட்டது, யாரிடம் கொடுத்தது, அவர் யாரிடம் கொடுத்தார். ஒரு கை விட்டுப்போனாலும் கோர்ட்டில் அந்த ரசீதின் மதிப்பு குறைந்துவிடும். எடுக்காமல் அப்படியே விட்டு அதிகாரியை வரவழைப்பதுதான் எப்போதும் நல்லது. ஆனால் மழை வருகிற மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள், படம் எடுங்கள், தொடாதீர்கள், அவ்வளவுதான்.

வாக்குமூலம் எழுதிப் பழகுங்கள், ஒரு பக்கத்துக்குள். உங்கள் பெயர், அடையாள எண், நீங்கள் நின்ற இடம், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, என்ன கண்டீர்கள். அதைப் போலீஸ் நிலையத்தில் உறுதிமொழி வாங்கும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கலாம், காசு கிடையாது. வழக்கு திறந்தால் ஒரு கேஸ் நம்பர் கொடுப்பார்கள், அதை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

ஆற்றைப் படிக்கும் பாடம்

பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். மினிசாஸ் என்று ஒரு முறை, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உருவானது. வலையை ஆற்றில் போட்டுக் கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருக்கும் சின்ன உயிர்களை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது. பதின்மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: தட்டைப் புழு, அட்டை, நண்டு, நத்தை, தும்பியின் குஞ்சு, மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சுத்தமான தண்ணீரில் மட்டுமே வாழும் ஸ்டோன்ஃப்ளைக்கு 17, எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும் புழுவுக்கும் அட்டைக்கும் 2. கிடைத்த வகைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆற்றின் நிலை வந்துவிடும். ஆய்வகம் வேண்டாம், பணம் வேண்டாம்.

உம்லாட்டுசானா ஆற்றிலோ பாமியெட் ஆற்றிலோ மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே ஆட்களைக் கொண்டு செய்யுங்கள். ஒரு தடவை செய்தால் அது சுற்றுலா. பன்னிரண்டு மாதம் செய்தால், ஏழாவது மாதம் எண் சடாரென விழும்போது மேலே ஏதோ நடந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு சொல்லலாம். இது நேராகக் கோர்ட்டுக்குப் போகும் சான்று இல்லை, அதிகாரியை வந்து மாதிரி எடுக்க வைக்கும் காரணம். சட்டத்துக்கான மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ ஆய்வாளரோ எடுக்கட்டும், ஜாம் பாட்டிலில் நீங்கள் பிடித்து வரும் தண்ணீரால் வழக்குக் கெடத்தான் செய்யும்.

ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் நிலையங்களும் உடைந்து, கடற்கரைகள் திரும்பத் திரும்ப மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் குற்றம் இல்லைதான். ஆனால் ‘வெள்ளத்தில் உடைந்தது’ என்ற ஒரே பதிலை வருஷக்கணக்கில் கேட்க வேண்டியிருந்தால், வெள்ளத்துக்கு முன்பு எண் என்ன, பின்பு என்ன என்று கையில் வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் மேலே ஒரு கேள்வி கேட்க முடியும்.

டிரம்மும் சைக்கட்டும்: கண்ணைப் பழக்குவது

ஆபத்தான சரக்கு வண்டியின் ஆரஞ்சுப் பலகையில் நாலு இலக்க எண் இருக்கும், ஐக்கிய நாடுகள் எண். டிரம்மில் சாய்சதுர ஸ்டிக்கர் இருக்கும். தூரத்திலிருந்து போனில் ஜூம் செய்து அதைப் படித்துச் சொன்னாலே தீயணைப்பு வீரர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மூடியைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், காற்று உங்கள் முதுகிலிருந்து டிரம்மை நோக்கி வீசுகிற பக்கம் நில்லுங்கள். ஜூலை 2021 கலவரத்தில் கார்னூபியாவின் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது அந்த விஷம் ஓலாங்கா ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தது. தீயை அணைத்த தண்ணீரே ஆற்றைக் கொன்ற தண்ணீர் ஆனது. கிடங்குக்குள் என்ன இருக்கிறது என்று சுற்றியிருந்த ஜனங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. உங்கள் பேட்டையில் என்னென்ன கிடங்கு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவதும் பயிற்சியில் சேர வேண்டும்.

கல்நார், ஊசி, மருந்துக் கழிவு, இவற்றைக் கண்டால் படம், போன், விலகல்.

அடுத்து செடியும் மிருகமும். நம் ஊரில் பல வீட்டு முற்றத்தில் பனை மாதிரி ஒன்று நிற்கும், சைக்கட். காட்டிலிருந்து அதைத் தோண்டி எடுப்பது பெரிய குற்றம், உள்நாட்டு இனமென்றால் சட்டப்படி வைத்திருக்கவும் அனுமதிச்சீட்டு வேண்டும். டர்பன் தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் உட்ஸ் சைக்கட்டைக் குழுவோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜான் மெட்லி வுட் 1895இல் ஓங்கோயே காட்டில் கண்டது ஒரே ஒரு ஆண் மரம், இன்று உலகில் இருப்பதெல்லாம் அதிலிருந்து பிரித்த கன்றுகள், காட்டில் ஒன்றும் இல்லை. பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. இதைச் சொன்னபோது எங்கள் குழுவிலிருந்த ஒரு ஆயா, ‘ஐயோ பாவம், கல்யாணமே ஆகாமல் நிற்குதா’ என்றார், அதற்கப்புறம் அவர் தெருவில் யாரும் சைக்கட் விற்கும் பேச்சையே எடுப்பதில்லை. எந்தப் போஸ்டரும் இவ்வளவு வேலை செய்யாது.

வார்விக் சந்திப்பின் மூலிகைச் சந்தைக்குப் போய்ப் பட்டை விற்கும் பெண்களைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். பெப்பர்பார்க் மரம் அழிவின் விளிம்பில் இருப்பது உண்மை, ஆனால் கடைசிக் கையில் இருப்பவரைப் பிடித்தால் மரம் திரும்பி வராது. சாட்ஸ்வொர்த்திலேயே, சில்வர்கிளெனில், நகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. வைத்தியர்கள் தாங்களே வளர்க்கக் கற்றுக்கொள்ளும் இடம் அது. பக்கத்திலேயே இருந்தும் நம்மில் பாதிப் பேர் போனதில்லை.

காண்டாமிருகம் நம் கையில் இல்லாத விஷயம் என்று நினைக்கிறோம். 2014இல் நாடு முழுக்க 1,215 கொல்லப்பட்டன, 2023இல் 499, 2024இல் 420. 2023இல் அதிக இழப்பு நம் மாகாணத்தில்தான், லுலுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவில். கொம்பு துறைமுகம் வழியாகவும் விமான நிலையம் வழியாகவும்தான் வெளியே போக வேண்டும், நம் ஆட்கள் சரக்கு அனுப்பும் கம்பெனிகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்கிறார்கள். எடைக்கும் தாளுக்கும் பொருந்தாத பெட்டியைக் கண்டால் யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நல்லெண்ணத்தோடு சுற்றுச்சூழல் ஆபத்தை வெளியே சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டுத் தூக்கக்கூடாது என்று நீமாவின் 31ஆம் பிரிவு சொல்கிறது, அதை அச்சடித்துக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அரிய செடியையோ பறவைக் கூட்டையோ கண்டால் இடத்தோடு ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். திருடனும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்.

உயிர் முக்கியம்

இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனசில்லை. 2016 மார்ச்சில் சோலோபெனியில் சுரங்கத்தை எதிர்த்த சிகோசிஃபி ராடெபே சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 அக்டோபரில் சோம்கேலேயில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே என்ட்ஷான்காசேயை அவர் வீட்டிலேயே சுட்டார்கள். ஓடையில் கல் கொட்டும் ஆளும் அவர்களும் ஒன்றல்ல, சரி. ஆனால் கழிவில் பணம் இருக்கிறது, பணம் இருக்கும் இடத்தில் கோபமும் இருக்கும்.

எங்கள் விதிகள் எளிமையானவை. தனியாகப் போகக்கூடாது. வண்டியைத் துரத்தக்கூடாது, வழிமறிக்கக்கூடாது, வாக்குவாதம் கூடாது. வேலி தாண்டக்கூடாது, அத்துமீறி நுழைந்தால் வழக்கு நம் மேல் திரும்பும். புகாரில் பெயர் போடுவது யார் என்று குழுவே சேர்ந்து முடிவெடுக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர் பெயரைப் போடுவதில்லை. பெரிய சங்கதி என்று தெரிந்தால் அநாமதேயமாகச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். சந்தேக ஆளின் முகத்தைக் குழுவில் போட்டு ‘இவன்தான்’ என்று எழுதாதீர்கள். தப்பான ஆளாக இருந்தால் மானநஷ்ட வழக்கு, சரியான ஆளாக இருந்தால் அவனுக்கு முன்னெச்சரிக்கை. இன்னொரு காரணமும் உண்டு. 2021 கலவரத்துக்குப் பிறகு பீனிக்ஸில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒரு வாட்ஸ்அப் படம் ஊரை எங்கே கொண்டுபோய் விடும் என்று.

இப்போது விழிப்புணர்வு, நம் வீட்டிலிருந்து

ஓடையில் கிடந்த ஓடு எங்கிருந்து வந்தது என்று பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. குடிசைப் பகுதிக்காரர்கள் கொட்டுகிறார்கள் என்று எங்கள் தெருவே பேசிக்கொண்டிருந்தது. அவர்களிடம் ஏது பழைய மொசைக் ஓடு? எங்கள் தெருவில் யாரோ சமையல்கட்டை இடித்துக் கட்டினார்கள், சில நூறு ராண்டுக்குப் பக்கிக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள், அவர் இருட்டின பிறகு பக்கத்துச் சரிவில் தள்ளிவிட்டார். குப்பைக் கிடங்குக்குப் போனால் எடைக்குப் பணம் கட்ட வேண்டும், அதைக் கட்டாததால்தான் அவர் மலிவு. கழிவுச் சட்டப்படி கழிவை வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு, பக்கியில் ஏற்றிவிட்டதோடு கை கழுவ முடியாது.

எனவே எங்கள் முதல் துண்டறிக்கையில் பூமி உருண்டையும் இல்லை, பச்சை இலையும் இல்லை. ‘பக்கிக்காரரிடம் கிடங்கின் எடைச்சீட்டைக் கேளுங்கள், சீட்டு வந்த பிறகு மீதிக் காசு கொடுங்கள்’ என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இரண்டே வரி. ஹார்டுவேர் கடைக் கவுன்டரில் வைத்தோம், வீடு கட்டுகிறவர் எல்லோரும் வரும் இடம் அது. கோயில் அறிவிப்புப் பலகையைவிட அங்கேதான் வேலை செய்தது.

கோயிலில் பேச வேறு விஷயம் இருக்கிறது. ஆடிமாதக் கூழுக்கு எத்தனை ஸ்டைரோஃபோம் கிண்ணம், பூஜை முடிந்து ப்ளூ லகூனில் உம்கேனி முகத்துவாரத்தில் விடும் தட்டோடு எத்தனை பிளாஸ்டிக். வாழை இலையும் பூவும் கரையும், ஜரிகைத் துணியும் ஊதுபத்திக் கவரும் கரையாது. இதைக் கமிட்டியோ வெளி அமைப்போ சொன்னால் சண்டை வரும், ஐயரோ பூசாரியோ சொன்னால் கேட்பார்கள். காவடிக்கு மயிலிறகு வாங்கிவர இந்தியா போகிறவர்களிடம், அங்கிருந்து மயிலிறகை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது என்று பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் சாம்பல் கிளி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2017 ஜனவரியிலிருந்து அது சர்வதேச வணிகத்துக்கான மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, வாங்கும்போது தாள் கேளுங்கள்.

கடற்பாலத்துத் தாத்தாக்களிடம் பாடம் நடத்தப் போகாதீர்கள், பாடம் கேட்கப் போங்கள். ஷாட் மீன் அக்டோபர், நவம்பரில் பிடிக்கக்கூடாது, மற்ற மாதத்தில் ஆளுக்கு நாலு, 30 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் திருப்பி விட வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். மீறுவது யார், சாக்கில் கொண்டுபோய் எங்கே விற்கிறான் என்பதும் தெரியும். நான் போய் உட்கார்ந்த முதல் காலையில் ஒருவர் தூண்டிலைப் பார்த்தபடியே சொன்னார்: ‘தம்பி, சொல்றதுக்கு எங்களுக்குப் பயமில்லை. சொன்னால் யாராவது வருவாங்களா, அதைச் சொல்லு முதலில்.’

நியாயமான கேள்வி. அதனால்தான் பயிற்சி பெற்ற குழு முதலில், பிரசாரம் பிறகு. சொல்லிய புகாருக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ச் சொல்ல ஆள் இருந்தால்தான் அடுத்த புகார் வரும். லோட்டஸ் எஃப்எம்மில் பேச நேரம் கிடைத்தாலும் இதையே செய்யுங்கள், உலக வெப்பம் பற்றிப் பேசாமல் முடிந்துபோன ஒரு புகாரின் கதையைத் தேதியோடு சொல்லுங்கள்.

புகார் போட்ட பிறகு

ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்: புகார் எண், தேதி, யாரிடம் பேசினோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது கூப்பிடுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள். கத்தினால் உங்கள் எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்க மாட்டார்கள், அவர்கள் மேசையிலும் மலை மாதிரிக் கோப்பு இருக்கிறது. நகரவே இல்லை என்றால் தகவல் அறியும் சட்டப்படி ஒரு படிவம் கொடுங்கள், 2000ஆம் ஆண்டுச் சட்டம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் போனீர்களா, இணக்க அறிவிப்பு கொடுத்தீர்களா, நகல் தாருங்கள். இந்த ஒரு படிவம் பத்துப் போன்காலுக்குச் சமம்.

நீமாவில் இன்னும் இரண்டு கதவு உண்டு. 33ஆம் பிரிவில் பொதுநலனுக்காகத் தனியாரே குற்ற வழக்குத் தொடுக்கலாம். 2019இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் இந்த வழியில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆனால் வக்கீல் செலவு நம்மைப் போன்ற குழுவுக்குத் தாங்காது, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையோ பொதுநல வக்கீல்களையோ முதலில் பாருங்கள். 34பி பிரிவுப்படி, யாருடைய சான்றால் தண்டனை கிடைத்ததோ அவருக்கு அபராதத்தில் நாலில் ஒரு பங்கு வரை கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இதை விளம்பரமாகப் போடாதீர்கள், காசுக்காகப் புகார் சொல்கிறவரின் சாட்சியத்தை எதிர்த்தரப்பு கிழித்துவிடும். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். எங்கள் குழுவில் இதுவரை ஒருவருக்குத்தான் சம்மன் வந்தது, அந்த பஸ் நிறுத்தத்துப் பழக்கார அக்காவுக்கு. ஒரு மாதம் முன்பே பழைய வாக்குமூலத்தை எடுத்துப் படிக்கச் சொன்னோம், மண்டபத்தில் ஒரு நாற்காலியைக் கூண்டாக வைத்து மருமகனை எதிர்த்தரப்பு வக்கீலாக நிறுத்தி மூன்று சாயங்காலம் பழகினோம். ‘ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று சொல்லுங்க அக்கா, ஊகம் வேண்டாம்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். அன்றைக்கு வக்கீல் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அவ்வளவு தூரத்திலிருந்து பக்கி என்ன நிறம் என்று எப்படித் தெரியும் என்பது. அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தார்.